பிக்கப் பாடிக்கு எந்த விரிப்பு? வாசகர் கேள்வி பதில்

லோடு வண்டி வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பாடியின் தரைத்தகட்டைக் காப்பாற்றுவது பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். செக்கர் பிளேட்டா (மேடுமேடாக இருக்கும் இரும்புத் தகடு), ரப்பர் மேட்டா, ஸ்பிரே பூச்சா என்றுதான் பெரும்பாலோர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் தகட்டைத் தின்பது எது? மேலிருந்து விழும் அடியா, இழுக்கும்போது வரும் உராய்வா, உப்பும் ஈரமுமா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கேள்வி: புதிதாக பொலேரோ பிக்கப் எடுத்திருக்கிறேன். தக்காளி, கத்தரி, முருங்கை என்று காய்கறி லோடுதான். பட்டறையில் 3 மி.மீ. செக்கர் பிளேட் அடித்துவிடு, ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார்கள். அடிக்கலாமா?
— காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரம்

உங்கள் லோடுக்கு அது தேவையில்லை என்பதோடு, கெடுதலும் கூட.

முதலில் எடையைப் பாருங்கள். 9 அடிக்கு ஐந்தரை அடி பாடி என்றால் தரை மட்டும் ஏறக்குறைய 4.6 சதுர மீட்டர். 3 மி.மீ. செக்கர் பிளேட் சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ நிற்கும். ஆக, தரைக்கு மட்டும் 120 கிலோவை நெருங்குகிறது. ஏறக்குறைய ஐந்து தக்காளிக் கிரேட்டின் எடை. அதை ஒவ்வொரு நடையும் வாடகையில்லாமல் சுமக்கப்போகிறீர்கள். போகும்போதும் சரி, காலியாகத் திரும்பும்போதும் சரி.

அடுத்தது, காய்கறி லோடில் மேலிருந்து விழும் அடி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் வண்டியில் நடப்பது இரண்டுதான்: கிரேட்டை இழுக்கும்போது பெயின்ட் தேய்வது, அழுகிய காயின் சாறும் கழுவிய தண்ணீரும் தங்குவது. செக்கர் பிளேட்டின் மேடுகள் கிரேட்டின் அடியைப் பிடித்து இழுக்கும். கிரேட் சீக்கிரம் உடையும். ஈரம் பட்டால் இரும்பின் மேல் கிரேட் வழுக்கவும் செய்யும்.

உங்களுக்கு ஏற்றது 6 மி.மீ. ரப்பர் மேட். முழுத் தரைக்கும் 40 கிலோ அளவில் முடிந்துவிடும். வாங்கும்போது மேட்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே வரிகளோ குமிழ்களோ இருக்க வேண்டும். வழுவழுவென்று இருக்கும் மேட் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் புகுந்த தண்ணீர் வெளியே வராது. வரிகள் உள்ள மேட்டை, அந்த வரி பேக் டோரை நோக்கி ஓடும்படி விரியுங்கள். தரைத்தகட்டில் முன்னும் பின்னுமாக ஓடும் நீளப் பள்ளங்களும் அதே திசையில் இருப்பதால் தண்ணீர் தானாக வடியும். ஒரே துண்டாகப் போடாமல் நீளவாக்கில் இரண்டு துண்டாக வாங்கினால் ஒருவரே சுருட்டி எடுக்கலாம்.

வாரம் ஒரு முறை மேட்டைத் தூக்கி அடியில் தண்ணீர் அடித்து, காய்ந்த பிறகு திரும்பப் போடுங்கள். இதைச் செய்ய முடியாதென்றால் மேட்டே போட வேண்டாம். தூக்கிப் பார்க்காத மேட்டுக்கு அடியில் இருக்கும் தகடு, ஒன்றும் போடாத தகட்டைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். வெறும் தகடு வெயிலில் காய்ந்துவிடும், மேட்டுக்கு அடியில் இருப்பதோ காயவே காயாது.

கேள்வி: எம்-சாண்ட், ஜல்லி, ஹாலோ பிளாக் ஏற்றுகிறேன். கார் கடையில் 'பெட் லைனர் ஸ்பிரே' அடித்தால் கல் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். உண்மையா?
— கட்டுமானப் பொருள் வியாபாரி, கரூர்

கீறலுக்குத் தாங்கும், ஜல்லிக்குத் தாங்காது. பூச்சு நல்ல பூச்சாகவே இருந்தாலும் அதன் கனம் 2, 3 மி.மீ.தான். கிரஷரில் இருந்து வரும் 20 மி.மீ. ஜல்லியின் முனை கத்தி மாதிரி இருக்கும். லோடர் பக்கெட்டிலிருந்து விழும்போது பூச்சைக் குத்தும், பிறகு மண்வெட்டி வந்து அந்தக் குத்திலேயே மாட்டிக் கிழிக்கும். உங்களுக்கு இரும்புத் தகடுதான் வழி.

ஆனால் செக்கர் வேண்டாம், மேடு இல்லாத பிளெயின் ஷீட் போடுங்கள். இதைப் பல பட்டறைகளில் சொல்வதில்லை. மணலை மண்வெட்டியால் வாரும்போது செக்கர் பிளேட்டின் ஒவ்வொரு மேட்டிலும் அது இடிக்கும். ஆளுக்குக் கை வலி, வண்டிக்கு நேரம் வீண், மேடுகளுக்கு நடுவில் எப்போதும் ஒரு சட்டி மணல் மிச்சம். பிளெயின் ஷீட்டில் மண்வெட்டி வழுக்கிக்கொண்டு போகும். ஆள் ஏறி நிற்கும் பேக் டோருக்கு மட்டும் செக்கர் போட்டால் கால் வழுக்காது.

தரைக்கு 3 மி.மீ., பக்கங்களுக்கு 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. போதும். இரும்புத் தகட்டின் எடைக்கு எளிய கணக்கு: சதுர மீட்டரை மில்லிமீட்டரால் பெருக்கி, வருவதை 7.85-ஆல் பெருக்கினால் கிலோ. மேலே சொன்ன அளவு தரைக்குச் சுமார் 110 கிலோ வரும். இந்தத் தொழிலில் அது வீண் சுமை இல்லை.

தகடு போடும் முறையில்தான் பெரும்பாலான வண்டிகள் கெடுகின்றன. பழைய தரையின் மேல் புதுத்தகட்டை வைத்து நான்கு பக்கமும் வெல்டிங் ஓட்டிவிடுவார்கள். பார்க்கப் பலமாக இருக்கும். அடியில் என்ன நடக்கிறது தெரியுமா? வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பழைய தரையின் பெயின்ட் மேலும் கீழும் எரிந்துபோகும். வெல்டிங்கில் எங்காவது ஓர் ஊசித் துளை இருக்கும். அது வழியாக இறங்கும் மழைத் தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது. இரண்டு தகட்டுக்கு நடுவில் இருக்கும் துரு கண்ணுக்கே தெரியாது. ஒருநாள் குறுக்கு பீமில் இருந்து தரை பிரிந்து தொங்கும்போதுதான் தெரியவரும்.

சரியான முறை இது. பழைய தரையைக் கழுவிக் காயவைத்து, துரு இருந்தால் அரைத்து எடுத்து, எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) ஒரு கோட் அடியுங்கள். புதுத்தகட்டின் அடிப்பக்கத்துக்கும் அடியுங்கள், அதை மறந்துவிடாதீர்கள். பிறகு கவுண்டர்சங்க் போல்ட்டில் இறுக்குங்கள். தலை தகட்டோடு சமமாக உட்காருவதால் மண்வெட்டி தட்டாது, வேண்டும்போது கழற்றியும் பார்க்கலாம். துளை போடும் இடத்துக்குக் கீழே பிரேக் பைப், வயரிங், டீசல் டேங்க் எது இருக்கிறது என்று ஓர் ஆள் கீழே படுத்துப் பார்த்துச் சொன்ன பிறகே டிரில்லை வையுங்கள். சேஸியில் மட்டும் துளையும் போடக்கூடாது, வெல்டிங்கும் வைக்கக்கூடாது.

வெல்டிங்தான் வேண்டுமென்றால் தொடர்ச்சியாக ஓட்டாமல், ஒரு அங்குல வெல்டிங், ஆறு அங்குல இடைவெளி என்று விட்டு விட்டு வைத்து, இடைவெளிகளை பாடி சீலன்ட்டால் அடையுங்கள். பின் விளிம்பை மட்டும் அடைக்காமல் விடுங்கள். உள்ளே போகும் தண்ணீர் அந்த வழியாக வடியட்டும். 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) இருப்பதால், வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். அதைச் சக்கரத்துப் பக்கமோ இன்ஜின் பக்கமோ மாட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போய்க் கெடுத்துவிடும்.

கேள்வி: மீன் லோடு. ஐஸ் தண்ணீர் ஒழுகி இரண்டே வருடத்தில் தகடு பொரிந்துவிட்டது. இந்த முறை சரிசெய்து ஸ்பிரே பூச்சு போட நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? அலுமினியத் தகடு துருப்பிடிக்காது என்கிறார்களே, அது மேலா?
— வண்டி உரிமையாளர், நாகப்பட்டினம்

அலுமினியத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். அது தனியாக இருந்தால் தாங்கும். ஆனால் இரும்புத் தரை மேல் அலுமினியத்தை வைத்து நடுவில் உப்புத் தண்ணீரை விட்டால், அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யும். இரண்டு உலோகத்தில் அலுமினியம் கரையும். தொடும் இடங்களில் வெள்ளைப் பொடியாக உதிரும். ஸ்டீல் போல்ட்டைச் சுற்றி முதலில் ஓட்டை விழும்.

மீனுக்கு உலோகத்தோடு ஒட்டிப்பிடிக்கும் பூச்சுதான் சரி. அடியில் தண்ணீர் புகவே இடமில்லாமல் இருக்க வேண்டும். பாலியூரியா அல்லது பாலியூரித்தேன் ஸ்பிரே அதற்காகவே இருக்கிறது. ஆனால் பூச்சு நிற்பதும் உரிவதும் அடிப்பதற்கு முன் செய்யும் வேலையில்தான் இருக்கிறது. மீன் வண்டியில் அது இன்னும் கடினம், ஏனென்றால் உப்பு தகட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

கிரைண்டரை எடுப்பதற்கு முன் நல்ல தண்ணீரால் பிரஷர் வாஷ் செய்யுங்கள். உப்போடு அரைத்தால் டிஸ்க் அந்த உப்பைக் குழிகளுக்குள் தேய்த்து ஏற்றிவிடும். காய்ந்ததும் டிகிரீசரால் மீன் எண்ணெயை எடுங்கள். பிறகு 80 நம்பர் ஃபிளாப் டிஸ்க்கால் பளிச்சென்று உலோகம் தெரியும் வரை அரையுங்கள். ஸ்குரூ டிரைவரால் அழுத்தினால் நெளிகிற இடத்தை வெட்டி எடுத்துப் புதுத்துண்டு வைக்க வேண்டும். பட்டி போட்டு மூடக்கூடாது.

அரைத்து முடித்ததும் மறுபடி நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, ஒரு இரவு அப்படியே விடுங்கள். காலையில் டார்ச் அடித்துக் கிட்டத்தில் பாருங்கள். வெள்ளையாக இருந்த தகட்டில் சின்னச் சின்னக் குழிகளைச் சுற்றி மட்டும் ஆரஞ்சுப் புள்ளி பூத்திருந்தால், அந்தக் குழியில் உப்பு இன்னும் இருக்கிறது. அந்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பக் கழுவ வேண்டும். புள்ளி பூப்பது நிற்கும் வரை இதைச் செய்யுங்கள். இந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் பார்த்தால், அதே புள்ளிகள்மேல்தான் ஆறு மாதத்தில் பூச்சு கொப்புளமாக எழும்பும்.

அடுத்த எதிரி கடற்கரைக் காற்றின் ஈரம். இந்தப் பூச்சுகளில் ஒரு பாகம் ஐசோசயனேட் என்ற ரசாயனம். அது தண்ணீரைக் கண்டால் வாயுவாகப் பொங்கும். பூச்சுக்குள் ஊசிக்கண் மாதிரி துளைகள் வரும். தகட்டின் சூடு, பனி படியும் சூட்டைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பது பெயின்ட் வேலையின் விதி. மீட்டர் இல்லாவிட்டால் இப்படிப் பாருங்கள்: ஈரத்துணியால் தகட்டில் கை அகலத்துக்கு ஒரு கோடு இழுங்கள். 15 நிமிடத்தில் காய்ந்துவிட்டால் அடிக்கலாம், காயாவிட்டால் அன்று வேண்டாம். நாகையில் காலை 10 மணிக்கு முன்னாலும், வெயில் இறங்கிய பிறகும் ஸ்பிரே வேலை வைக்காமல் இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையே வேண்டாம்.

பிரைமர் எபாக்ஸியாக இருக்கட்டும். அது காய்ந்ததும் லேசாக உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால்தான் மேல்பூச்சு பிடிக்கும். தண்ணீர் வடியும் துளைகளில் கிரீஸ் தடவிய போல்ட்டைச் செருகிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பூச்சு துளையை அடைத்துவிடும். விளிம்பில் ஒட்டிய டேப்பைப் பூச்சு முழுதும் இறுகுவதற்கு முன் உரிக்க வேண்டும். இறுகிய பின் இழுத்தால் விளிம்பும் சேர்ந்து கிளம்பி வரும், அந்த விளிம்பில்தான் உப்புத் தண்ணீர் முதலில் நுழையும்.

ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு. ஒரு லிட்டர் பூச்சு ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. கனம் தரும், அதற்கு மேல் தராது. பொலேரோ அளவு பாடிக்குத் தரை 4.6, பக்கங்கள் ஒன்றே கால் அடி உயரத்துக்கு இன்னொரு மூன்றரை என்று 8 சதுர மீட்டருக்கு மேல் வரும். 2 மி.மீ. கனம் என்றால் குறைந்தது 16 லிட்டர் வேண்டும். 4 லிட்டர் கிட் ஒன்றை உடைத்துவிட்டு '2 மி.மீ. அடித்திருக்கிறேன்' என்றால் கிடைத்திருப்பது அரை மி.மீ.கூட இல்லை, அதில் தின்னர் வேறு ஆவியாகும். எத்தனை டப்பா திறந்தார்கள் என்று பக்கத்தில் நின்று எண்ணுங்கள்.

ஆனால் ஸ்பிரே அடிக்கும்போது பக்கத்தில் நிற்காதீர்கள். ஐசோசயனேட் புகை நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். அடிப்பவருக்கு வெளிக்காற்று குழாய் வழியாக வரும் முகமூடி வேண்டும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பட்டறைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். அந்தப் பையன் உங்கள் வண்டிக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: அண்டர்பாடி கோட்டிங் என்று கறுப்பாகத் தார் மாதிரி அடிக்கிறார்களே, அதையே பாடிக்குள்ளும் அடித்தால் செலவு குறையுமே?
— டிரைவர், விழுப்புரம்

அடிக்காதீர்கள். அது வண்டிக்கு அடியில் நிழலில் இருக்க வேண்டிய பொருள். சித்திரை வெயிலில் கறுப்புத் தகடு கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும். தார் இளகி மூட்டையில் ஒட்டும். அரிசி மூட்டை ஒன்றில் ஒட்டினால் போதும், மிச்சம் பிடித்த செலவெல்லாம் போய்விடும். பழைய இன்ஜின் ஆயிலைப் பூசுவதும் அப்படித்தான்: மேல் விரிக்கும் ரப்பர் ஊறி உப்பிப்போகும்.

கேள்வி: டபுள் கெப் வைத்திருக்கிறேன். வாங்கும்போதே தொட்டி வடிவில் கறுப்பு பிளாஸ்டிக் லைனர் இருந்தது. ஓடும்போது கடகடவென்று சத்தம், ஓரங்களில் பெயின்ட் தேய்ந்திருக்கிறது. கழற்றி எறிந்துவிடலாமா?
— விவசாயி, கிளிநொச்சி

எறிய வேண்டாம், கழற்றிப் பாருங்கள். அது எச்.டி.பி.இ. என்ற கெட்டியான பாலித்தீன் பிளாஸ்டிக். அடி தாங்கும், உரத்துக்கும் உப்புக்கும் அசையாது, எடையும் குறைவு. பலவீனம் என்னவென்றால், வண்டியோடு அது ஒட்டுவதில்லை, வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் மணல் புகுந்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் உப்புத்தாள் மாதிரி பெயின்டைத் தேய்க்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேராகத் தூக்கி எடுங்கள். தேய்ந்த இடங்களில் துருவை எடுத்து, பிரைமரும் பெயின்ட்டும் தொட்டுவிடுங்கள். லைனர் வண்டியைத் தொடும் இடங்களில் ஃபோம் டேப் ஒட்டினால் சத்தம் அடங்கும். தண்ணீர் உறிஞ்சாத வகை ஃபோமாக இருக்க வேண்டும். டேப்பில் ஒரு துண்டைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அது ஸ்பாஞ்ச். அதை ஒட்டினால் தகட்டோடு ஈரத்துணியைக் கட்டி வைத்த மாதிரிதான்.

திருகாணி வைத்து இறுக்கியிருந்தால் துளையைப் பாருங்கள். இந்த பிளாஸ்டிக் சூட்டில் நன்றாக நீளும். ஒன்றரை மீட்டர் லைனர் விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவில் அரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். துளை வட்டமாக இருந்தால் திருகாணியைச் சுற்றி விரிசல் விடும், அல்லது லைனர் நடுவில் உப்பி எழும்பும். லைனரில் உள்ள துளையை நீள்வட்டமாக அறுத்து, அகல வாஷர் போட்டு, கையால் இறுக்கும் அளவோடு விடுங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் வண்டி எடுக்கும் எல்லாருக்கும் சொல்லுங்கள். தெளிகருவிக்கும் தண்ணீர்ப் பம்ப்புக்கும் பெட்ரோல் வாங்கப் போகும்போது, கலனை லைனர் மேலேயே வைத்துக்கொண்டு நிரப்பாதீர்கள். பெட்ரோல் பாயும்போது நிலைமின்சாரம் உண்டாகும். கலன் தரையில் இருந்தால் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். பிளாஸ்டிக் மேல் இருந்தால் இறங்க வழியில்லாமல் கலனிலேயே சேரும். நாசிலுக்கும் கலன் வாய்க்கும் நடுவில் ஒரு பொறி, சுற்றிலும் பெட்ரோல் ஆவி. இப்படித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. கலனைக் கீழே இறக்கித் தரையில் வையுங்கள், நாசில் கலனின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும், மெதுவாக நிரப்புங்கள். ரப்பர் மேட், ஸ்பிரே பூச்சு போட்டவர்களும் இதையே செய்யுங்கள்.

கேள்வி: கிரஷரில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் மலிவாகக் கிடைக்கிறது. மேட்டுக்குப் பதில் போடலாமா?
— லோடு வண்டி உரிமையாளர், ஈரோடு

தாராளமாகப் போடலாம். பணத்துக்கு இதைவிடப் பலமான விரிப்பு கிடைக்காது. இரும்புக்குழாய், மரம், மோட்டார் மாதிரி கனமான சாமான் ஏற்றுபவர்களுக்கு நாங்களே சொல்வது இதுதான். 10 மி.மீ. பெல்ட் சதுர மீட்டருக்கு 12, 13 கிலோ வரும். பாடிக்கு 60 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது வெட்டுப் பக்கத்தைப் பாருங்கள். உள்ளே துணி அடுக்குகள் தெரிந்தால் சரி, கம்பி தெரிந்தால் வேண்டாம். கம்பி பெல்ட்டை வெட்டுவதும் கஷ்டம், நீட்டிக்கொண்டிருக்கும் முனை ஆளையும் மூட்டையையும் கிழிக்கும். துணி பெல்ட்டிலும் வெட்டிய ஓரம் தண்ணீரை உறிஞ்சி அடுக்கடுக்காகப் பிரியும். பஞ்சர் கடையில் கிடைக்கும் ரப்பர் சொல்யூஷனை ஓரம் முழுக்க இரண்டு முறை தடவிக் காயவிடுங்கள். பெல்ட்டின் அடி வழுவழுவென்று இருப்பதால், மேட்டுக்குச் சொன்னதுபோல வாராவாரம் தூக்கிக் காயவைப்பது இங்கே கட்டாயம்.

கேள்வி: வீடு மாற்றும் சாமான், ஃபிரிட்ஜ், பீரோ ஏற்றுகிறோம். பிளைவுட் போதுமா?
— பேக்கர்ஸ் நடத்துபவர், திருச்சி

போதும், உங்கள் லோடுக்கு அதுதான் நல்லது. 12 மி.மீ. கனத்தில், கடையில் '710' என்று கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது மரைன் பிளை. சாதாரண கமர்ஷியல் பிளை ஒரு மழைக்காலத்துக்குக்கூட நிற்காது. வெட்டிய ஓரங்கள்தான் தண்ணீர் குடிக்கும் வாய், அங்கே மூன்று கோட் பெயின்ட் அடியுங்கள். மேலே ஒரு மெல்லிய ரப்பர் மேட் போட்டால் பீரோ நகராது. மீன், பால், உரம் ஏற்றுபவர்கள் பிளைவுட் பக்கமே போக வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு தகட்டுக்கு ஊட்டும்.

கேள்வி: சந்தைக்கு மாடு, ஆடு ஏற்றுகிறேன். மாடு வழுக்கி விழுகிறது. வைக்கோல் போட்டும் பயனில்லை.
— மணப்பாறை

வெறும் தகட்டில் சாணமும் மூத்திரமும் சேர்ந்தால் குளம்பு நிற்காது, வைக்கோலும் கூடவே வழுக்கும். மாட்டுத் தொழுவத்துக்கு விற்கும் 15 முதல் 17 மி.மீ. கன ரப்பர் மேட்டைப் போடுங்கள். மேல்பக்கம் சொரசொரப்பாகவும் அடியில் வரிப்பள்ளமாகவும் இருப்பதால் குளம்பு பிடிக்கும், மூத்திரமும் வடியும். இரண்டு மேட்டுக்கு நடுவில் இடைவெளி விடாதீர்கள், ஆட்டின் குளம்பு அதில் மாட்டும். சந்தையிலிருந்து திரும்பிய அன்றே மேட்டைத் தூக்கிக் கழுவ வேண்டும். மூத்திரத்தின் உப்பும் அம்மோனியாவும் பெயின்டின் கீறல் வழியாகத் தகட்டுக்குள் இறங்க ஒரு இரவு போதும்.

கேள்வி: பழைய டாடா ஏஸ். தரையில் நான்கைந்து ஓட்டை. மேலே ஒரு தகட்டைப் போட்டு மூடிவிடலாம் என்கிறார் வெல்டர்.
— ஓசூர்

ஓட்டை விழுந்த இடம் நான்கைந்து. விழக் காத்திருக்கும் இடம் எத்தனை என்று முதலில் பாருங்கள். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'ணங்' என்று சொல்லும், அரித்த தகடு அட்டையைத் தட்டிய மாதிரி மந்தமாக ஒலிக்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, தரையைத் தாங்கும் குறுக்கு பீம்களையும் தட்டுங்கள், குறிப்பாகப் பின் சக்கரத்துக்கு நேர் மேலே. சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்கேதான் தங்கும்.

பீம்கள் நன்றாக இருந்தால், வட்டம் போட்ட இடங்களை நல்ல தகடு வரும் வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் துண்டு வைத்து, அரைத்து, பிரைமர் அடித்த பிறகு என்ன விரிப்பு வேண்டுமானாலும் போடலாம். பீமே அரித்திருந்தால் தரையைப் பற்றிய பேச்சே வேண்டாம், முதலில் பீம். துரு மேல் போடும் புதுத்தகட்டுக்குப் பிடிமானம் அந்தத் துருதான்.

கேள்வி: தகடு போட்டால் ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா?
— சேலம்

உள்ளே விரிப்பதும் பாடியின் அளவை மாற்றுவதும் வேறு வேறு. தகடு போடும் சாக்கில் பக்கப் பலகையை உயர்த்துவது, பாடியைப் பின்னால் நீட்டுவது எல்லாம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாட்டும், ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறுகிற எந்த வேலையையும் அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள்.

பலர் மறப்பது எடை மேடையை. மொத்த எடை வரம்பு உங்கள் ஆர்.சி.யில் இருக்கிறது, தகடு போட்டதால் அது கூடாது. 120 கிலோ தகடு போட்டால் 120 கிலோ சரக்கைக் குறைக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். தகடு அடித்த அன்றே காலி வண்டியை எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்கி வண்டியில் வையுங்கள். எவ்வளவு ஏற்றலாம் என்று டிரைவருக்கு அந்தச் சீட்டைப் பார்த்தே தெரியும். புது வண்டி என்றால், துளை போட்டால் துருவுக்கான வாரண்டி நிற்குமா என்று ஷோரூமில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றுகிறோம். மூட்டை கிழிந்து கொட்டுகிறது. தார்ப்பாய் விரித்தால் போதாதா?
— உரக்கடை, தஞ்சாவூர்

தார்ப்பாய் சிந்தியதை வாரி எடுக்க உதவும், அதற்காக விரியுங்கள். ஆனால் அது கிழியும், கிழிசலுக்குக் கீழே பொட்டாஷ் தங்கும். பொட்டாஷ் ஒரு வகை உப்பு. காற்று ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியும். உங்கள் வண்டிக்கும் மீன் வண்டிக்குச் சொன்ன ஸ்பிரே பூச்சுதான் நிலையான வழி, அதன்மேல் தார்ப்பாய். லோடு இறக்கியதும் முதலில் துடைப்பத்தால் காய்ந்தபடியே பெருக்கி எடுங்கள், அப்புறம்தான் தண்ணீர். பெருக்காமல் தண்ணீரை ஊற்றினால் உரம் கரைந்து, பேக் டோர் கீலுக்குள்ளும் தகடுகள் சேரும் இடுக்குகளுக்குள்ளும் போய் உட்காரும். கழுவி முடித்ததும் பேக் டோரைத் திறந்துவைத்து, வண்டியின் முன்பக்கம் சற்று மேடாக இருக்கும்படி வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள்.